காந்தப்புலத்தில் மின்னழுத்தம் தரும் கூட்டுப்பொருள்: அது எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வரும்

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பதாகக் குறிப்பிட்டு நீங்கள் கேட்டது இது. காந்தப் பொருளொன்றையும், அழுத்தினால் மின்னேற்றம் தரும் பீசோ மின்பொருளொன்றையும் சேர்த்துச் செய்த கூட்டுப்பொருளைக் காந்தப்புலத்தில் வைத்தால் அதன் இரு முகங்களுக்கிடையே அழுத்த வேறுபாடு தோன்றும் என்று படித்திருக்கிறீர்கள். அந்த இரண்டில் எதுவும் தனியே இதைச் செய்யாதபோது சேர்ந்ததும் எப்படிச் செய்கிறது, மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாமா, வீதியோர மின்கம்பியின் காந்தப்புலத்திலிருந்து இதன் மூலம் ஒரு சிறு விளக்கையாவது எரிக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவை மூன்றாகத் தோன்றினாலும், அந்த மின்னழுத்தம் பிறக்கும் வழி விளங்கினால் மற்ற இரண்டுக்கும் விடையை நீங்களே கணக்கிட்டு எடுத்துவிடலாம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பட்டப்பின்படிப்புக் காலத்திலும் அதன் பின்னர் சில ஆண்டுகளும் மின்மட்பொருள் ஆய்வுகூடத்தில் இத்தகைய அடுக்குகளை ஒட்டியும் அளந்தும் பழகியவன் நான். இப்போது கிளிநொச்சியில் இருந்து கற்பிக்கிறேன். என் கைப்பழக்கம் தடித்த அடுக்குகளோடும் அழுத்திச் சுட்ட வில்லைகளோடும் மட்டுமே. நனோமீற்றர் தடிப்புள்ள மெல்லிய படலங்களை நான் வளர்த்ததுமில்லை, அளந்ததுமில்லை. அவை பற்றிச் சொல்லும்போது படித்து அறிந்ததையே சொல்கிறேன் என்று கொள்ளுங்கள்.

இரவில் ஊர் அடங்கிய பிறகு வீதியோர நிலைமாற்றியின் கீழே நின்றால் ஓர் உறுமல் கேட்கும். அதன் உள்ளிருக்கும் இரும்பு அகணி காந்தமாகும்போது தன் நீளத்தை மிகச் சிறிதளவு மாற்றிக்கொள்வதே அந்த உறுமலின் பெரும்பகுதிக்குக் காரணம். இதைக் காந்த விகாரம் என்போம். இரும்பில் இதை ஜூல் 1842 இல் கண்டறிந்தார். நிக்கலை எடுத்தால், பத்துச் சென்ரிமீற்றர் நீளக் கீலம் முழுமையாகக் காந்தமானதும் ஏறத்தாழ மூன்று மைக்குரோ மீற்றர் சுருங்கும். தெர்பியம், டிஸ்புரோசியம், இரும்பு ஆகியவற்றின் கலப்புலோகமான தெர்பனோல்-டி, மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் மேலாக நீளக்கூடியது. இது முதற்பாதி. இரண்டாவது பாதி உங்கள் குசினியில் இருக்கிறது. காஸ் அடுப்பை மூட்டும் லைற்றரை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி பீசோ மட்பொருளில் அடிக்க, பொறி பறக்கிறது. பொறிமுறைத் தகைப்பு மின்னேற்றமாக மாறும் இந்த விளைவை 1880 இல் கியூரி சகோதரர்கள் பளிங்குகளில் கண்டனர்.

இனி இவ்விரண்டையும் இறுக ஒட்டுங்கள். காந்தப்புலம் வந்ததும் காந்த அடுக்கு சுருங்கவோ நீளவோ முயல்கிறது. பீசோ அடுக்கு அதனோடு ஒட்டியிருப்பதால் அதுவும் இழுபடுகிறது, இழுபட்டதால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது. காந்தப்புலத்துக்கும் மின்புலத்துக்கும் இடையே இந்தப் பொருளுக்குள் நேரடிப் பேச்சு எதுவும் இல்லை; நடுவில் நின்று ஒன்றை மற்றதிடம் கொண்டுசெல்வது விகாரம், அதாவது பொருள் நீள்வதும் சுருங்குவதும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வான் சுக்ரெலன் 1972 இல் இதைப் பெருக்கற் பண்பு என்று வகைப்படுத்தினார். முதற் கட்டம் காந்தத்தை விகாரமாக்கும், இரண்டாவது கட்டம் விகாரத்தை மின்னாக்கும், இரண்டின் குணகங்களும் பெருக்கப்பட்டு, ஒட்டின் தரத்தைக் காட்டும் ஒரு காரணியாலும் பெருக்கப்பட்டு, முழுமையின் குணகம் கிடைக்கிறது. இரண்டிலும் இல்லாத பண்பு முழுமையில் தோன்றும் புதிர் இவ்வளவுதான். இந்தப் பொறிமுறையில் இன்று ஐயத்துக்கு இடமில்லை.

ஒரே பளிங்குக்குள், ஒட்டோ அடுக்கோ இல்லாமல், இதே விளைவு நிகழ்வதும் உண்டு. அதற்கு அந்தப் பளிங்கின் சமச்சீர்மை இடங்கொடுக்க வேண்டும். குரோமியம் ஒட்சைட்டில் அது நிகழும் என்று 1959 இல் சோவியத் அறிஞர் ஜலோஷின்ஸ்கி கணித்துச் சொன்னார். அடுத்த ஆண்டே அஸ்ட்ரோவ் அதை அளந்து காட்டினார். ஆனால் அந்த விளைவு சிறியது: ஒரு எர்ஸ்டெட் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலத்துக்கு, பொருளின் தடிப்பில் சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 20 மில்லிவோல்ற்று. குரோமியம் ஒட்சைட்டின் காந்த ஒழுங்கு 307 கெல்வினில், அதாவது ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் குலைந்துவிடுகிறது. வன்னியின் கோடை மத்தியானத்தில் குளிரூட்டாத அறையொன்றில் அந்தப் பொருளால் பயனில்லை என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே விளங்கும். காந்த ஒழுங்கும், நேர், எதிர் ஏற்றங்கள் ஒரே திசையில் விலகி நிற்கும் மின்முனைவு ஒழுங்கும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதே அரிது. பேரியம் தைத்தானேற்றுப் போன்ற பொருள்களில் மின்முனைவு தோன்ற, தைத்தானியம் அயனின் டி உபசக்தி மட்டம் வெறுமையாக இருப்பது உதவுகிறது. காந்தத்தன்மைக்கோ அந்த மட்டத்தில் சோடியற்ற இலத்திரன்கள் வேண்டும். நிக்கோலா ஹில், இன்று ஸ்பால்டின் என்ற பெயரில் அறியப்படுபவர், 2000 இல் இந்த முரணை எடுத்துக்காட்டினார். இந்த அரிய வகையில் அறைவெப்பநிலைக்கு மேலும் இரு ஒழுங்குகளையும் காக்கும் பிஸ்மத் பெரைற்று ஒன்றே பெருமளவில் ஆராயப்பட்டது.

கூட்டுப்பொருள் இந்த முரணைச் சுற்றிக் கடந்துபோகிறது. காந்த வேலையை ஒரு பொருளிடமும் மின்வேலையை இன்னொன்றிடமும் விட்டுவிட்டால் இரண்டிலும் தலைசிறந்ததைத் தெரியலாம். 1974 இல் பேரியம் தைத்தானேற்றும் காந்த மட்பொருளான கோபாற்று பெரைற்றும் உருகலிலிருந்து ஒன்றாக உறைந்த கூட்டுப்பொருள்கள் எர்ஸ்டெட்டுக்குச் சென்ரிமீற்றருக்கு 130 மில்லிவோல்ற்றுத் தந்தன. 2001 இல் தெர்பனோல்-டி வட்டுகளுக்கு நடுவே பி.இசட்.டி. எனப்படும் ஈயம் கலந்த பீசோ மட்பொருளை வைத்து ஒட்டிய அடுக்கு அதே அலகில் ஏறத்தாழ 4.7 வோல்ற்றை எட்டியது. 2006 இல் மெற்கிளாஸ் என்ற பளிங்குருவற்ற உலோக நாடாவோடு பி.இசட்.டி. நார்களைச் சேர்த்தபோது அது 22 வோல்ற்றானது. முப்பது ஆண்டுகளில் நூறு மடங்குக்கு மேல். இத்தகைய கூட்டுப்பொருளையும் மல்ரிபெரோயிக், அதாவது பல ஒழுங்குகள் சேர்ந்தது, என்றே அழைக்கிறார்கள். ஒரே பளிங்குக்குள் இரு ஒழுங்குகளும் இருக்கும் பொருளுக்கே அந்தப் பெயர் உரியது என்று கறாராகச் சொல்வோரும் உண்டு. மாணவர்களின் அறிக்கையில் "காந்தமின் கூட்டுப்பொருள்" என்று எழுதினால் இரு தரப்புக்கும் ஆட்சேபம் இராது.

இதில் பாடநூல்கள் சுருக்கமாகக் கடந்துவிடும் ஒரு நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் முதல் முறை செய்பவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். நிக்கல் கீலத்தின் மீது புலம் வடக்கு நோக்கி இருந்தாலும் தெற்கு நோக்கி இருந்தாலும் அது சுருங்கத்தான் செய்யும். திசை மாறினால் நீளாது. ஆகவே சிறு புலங்களில் விகாரம் புலத்தின் வர்க்கத்தைப் போல நடந்துகொள்கிறது. நிலைமாற்றி 50 ஹேர்ட்ஸில் இயங்கியும் அதன் உறுமல் 100 ஹேர்ட்ஸில் கேட்பதற்குக் காரணமும் இதுவே: ஒரு சுற்றில் புலம் இரு தடவை உச்சத்தைத் தொடுகிறது, அகணியும் இரு தடவை நீள்கிறது. வர்க்க வளையியின் அடியில், புலம் பூச்சியமாக இருக்குமிடத்தில், சாய்வும் பூச்சியம். திசை மாறி மாறி வரும் சிறிய ஆடற்புலம் ஒன்றை மட்டும் கொடுத்தால் அந்த மீடிறனில் சமிக்ஞை ஏறக்குறைய எதுவும் வராது. நிலையான காந்தமொன்றை அருகில் வைத்து, வளையியின் சாய்வு மிகுந்த இடத்துக்குப் பொருளைக் கொண்டுசென்ற பின்னரே ஆடற்புலத்தைக் கொடுக்க வேண்டும். இந்தச் சார்புப் புலத்தை மெல்லக் கூட்டிக்கொண்டு போனால் சமிக்ஞை ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, காந்த அடுக்கு நிரம்பலை எட்டும்போது மீண்டும் இறங்கும். அந்தக் கூனல் வளையிதான் இந்த விளைவின் கைரேகை. தெர்பனோல்-டி இவ்வளவு பெரிய விகாரம் தந்தும் முப்பதிலொரு பங்கோ அதற்கும் குறைவோ விகாரம் தரும் மெற்கிளாஸிடம் தோற்றதும் இதனால்தான். தெர்பனோலின் உச்சத்துக்கு நூற்றுக்கணக்கான எர்ஸ்டெட் வேண்டும். மெற்கிளாஸ் சில எர்ஸ்டெட்டிலேயே செங்குத்தாக ஏறிவிடுகிறது. விகாரத்தின் அளவைவிட அதன் சாய்வே இங்கு பேசுகிறது.

இரு பொருள்களையும் தூளாக்கிக் கலந்து, அழுத்தி, 1100 பாகைக்கு மேல் சுட்டு வில்லையாக எடுக்கும் வழி எளிதாகத் தெரியும். நானும் அதில்தான் தொடங்கினேன். பல மாதங்கள் சுட்ட வில்லைகளில் பாதிக்கு மேல் எறிய வேண்டியதாயிற்று. உயர் வெப்பத்தில் இரண்டும் எல்லைகளில் தமக்குள் தாக்கம் புரிந்து, வேண்டாத மூன்றாவது பொருள் ஒன்றை உண்டாக்கிவிடும். பெரைற்று மின்னைச் சற்றுக் கடத்தும் பொருளாகையால் அதன் மணிகள் ஒன்றையொன்று தொட்டு ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குப் பாதை போட்டுவிட்டால், பிறக்கும் மின்னேற்றம் அந்தப் பாதையாலேயே ஒழுகிப்போகும். அதைவிட மோசமாக, பீசோ மட்பொருளை முனைவாக்க, அதாவது அதன் மின்முனைவை ஒரே திசைக்குத் திருப்ப, உயர் மின்புலம் கொடுக்கும் கட்டத்திலேயே வில்லை பொசுங்கிவிடும். அடுக்குமுறையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கு ஒட்டும் பசைதான் முக்கியம்: தடிப்பாகப் பூசினால் விகாரத்தைப் பசையே விழுங்கிவிடும், மென்மையான பசையும் அப்படியே. நன்றாக இறுகும் இருகூறு எபொக்சியை மிக மெல்லிதாகப் பூசி, பாரம் வைத்து, ஒரு நாள் முழுக்க விடுவதே என் அனுபவத்தில் நல்லது.

உறுதியானவற்றையும் விவாதத்தில் உள்ளவற்றையும் இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். விகாரம் வழியான பிணைப்பு, சார்புப் புலத்தின் அவசியம், பொறிமுறைப் பரிவு மீடிறனில் சமிக்ஞை பல மடங்கு பெருகுவது, பிக்கோ தெஸ்லா ஒழுங்கிலான நுண் காந்தப்புலங்களை உணர இவ்வடுக்குகள் பயன்படுவது ஆகியவை பல கைகளில் திரும்பத் திரும்ப நிறுவப்பட்டவை. மெல்லிய படலங்களின் கதை அவ்வளவு நேரானதன்று. 2003 இல் பிஸ்மத் பெரைற்றுப் படலத்தில் பெரிய காந்தமாக்கம் கண்டதாக வந்த அறிக்கையை 2005 இல் வேறொரு குழு மறுத்தது. அந்தப் படலங்களின் மின்முனைவு பெரியது என்பதோ நிலைத்தது. 2004 இல் பேரியம் தைத்தானேற்றுப் படலத்துக்குள் கோபாற்று பெரைற்றுத் தூண்கள் தாமாகவே வளர்ந்து நின்றதைக் காட்டினார்கள். அழகான வேலை, அடித்தளம் படலத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் விகாரம் தடைப்படும் சிக்கலுக்கு அந்தத் தூண் வடிவம் ஒரு வழி காட்டியது. தூள் வில்லைகள் பற்றி வெளியாகும் பெரிய எண்களை மட்டும் நான் எச்சரிக்கையோடு படிப்பேன். அவை எந்த மீடிறனில், எந்தச் சார்புப் புலத்தில், எத்தகைய கட்டுப்பாட்டு மாதிரியோடு அளக்கப்பட்டன என்று சொல்லாவிட்டால் எண்ணுக்குப் பொருள் குறைவு.

இனி விளக்குக்கு வருவோம். மின்சாரமில்லாத காலத்தில் எங்கள் வீட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். நான் சுற்றுவதை நிறுத்தினால் அப்பா செய்தியின் நடுவே நிமிர்ந்து பார்ப்பார். வழமையான சைக்கிள் டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்றுத் தருவது. காந்தம் மின் தரும் என்று கேட்டதும் நம் மக்களின் மனத்தில் அந்த டைனமோதான் வருகிறது. உங்கள் கேள்வியின் பின்னும் அதுவே இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கைப் பார்ப்போம். ஒற்றைக் கம்பியில் 100 அம்பியர் ஓடுவதாகத் தாராளமாக வைத்தாலும் 10 மீற்றர் கீழே புலம் 2 மைக்குரோ தெஸ்லா, அதாவது 0.02 எர்ஸ்டெட். உண்மையில் அருகருகே செல்லும் கம்பிகளின் ஓட்டங்கள் ஒன்றையொன்று பெருமளவு அழிப்பதால் இதிலும் குறையும். அடுக்கின் குணகம் எர்ஸ்டெட்டுக்குச் சென்ரிமீற்றருக்கு 1 வோல்ற்று, பீசோ மட்பொருளின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர் என்று கொண்டால் கிடைக்கும் அழுத்தம் 0.4 மில்லிவோல்ற்று. அதன் கொள்ளளவம் 20 நனோபரட் எனில், சுற்றொன்றுக்கு இரு தடவை அந்தச் சக்தி முழுவதையும் எடுத்தாலும் வலு ஒரு வாற்றின் பத்து இலட்சம் கோடியில் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு. இத்தகைய அடுக்குகளை ஆயிரக்கணக்கில் சேர்த்தாலும் சிறிய எல்.ஈ.டி. ஒன்று மினுங்காது. மின்னோட்டம் செல்லும் தடித்த வடத்தை ஒட்டியே, நுனியில் சிறு காந்தம் பூட்டி, 50 அல்லது 60 ஹேர்ட்ஸில் பரிவுறும் நெம்புத் தகடாகச் செய்தால் மில்லிவாற்று ஒழுங்கில் எடுக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள். அது வடத்தின் வெப்பநிலையைப் பார்த்து அனுப்பும் ஒரு சிறு உணரிக்குப் போதும், விளக்குக்குப் போதாது. மாணவர் எவரும் இதற்காக மின்கம்பியையோ நிலைமாற்றியையோ நெருங்கக்கூடாது என்பதை நீங்கள் அழுத்திச் சொல்லுங்கள்.

பாடசாலையில் செய்து பார்ப்பது முடியும், நன்றாகவே முடியும். பீசோ அடுக்குக்கு, பஸர்களில் இருக்கும் 27 மில்லிமீற்றர் பித்தளை வட்டு போதும். அது ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது. அதில் ஈயம் இருப்பதால் உடைக்கவோ அராவவோ விடாதீர்கள். சூட்டுக்கோலை நீண்ட நேரம் வைத்தால் முனைவு கெடும். காந்த அடுக்குக்கு இரு வழிகள் உண்டு. மின்கலங்களைப் பொருத்தப் பயன்படும் நிக்கல் கீலம், மின்கலப் பொதி திருத்தும் கடைகளில் கிடைக்கும். நிக்கல் பூசிய இரும்பும் அதே பெயரில் விற்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். மற்றது, பெரிய உடுப்புக் கடைகளில் களவைத் தடுக்கப் பொருள்களில் ஒட்டும் தடித்த பிளாஸ்ரிக் அட்டைகள். அவற்றில் 58 கிலோஹேர்ட்ஸில் வேலை செய்யும் வகையைத் திறந்தால் உள்ளே மெற்கிளாஸ் இனத்துப் பளபளப்பான நாடா இருக்கும். பத்துச் சென்ரிமீற்றர் நீளத்தில் 300 சுற்றுச் சுற்றிய வரிச்சுருளில் 0.1 அம்பியர் செலுத்தினால் ஏறத்தாழ 3.8 எர்ஸ்டெட் கிடைக்கும். கைபேசியில் ஒலி பிறப்பிக்கும் செயலியும் ஒரு சிறு ஒலிபெருக்கிச் சுற்றும் அதற்குப் போதும். சார்புப் புலத்துக்குப் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். காந்தத்தை வைத்துவிட்டு நேரோட்ட அழுத்தத்தைத் தேட வேண்டாம்: 20 நனோபரட் கொள்ளளவத்தோடு 10 மெகா ஓம் மல்ரிமீற்றரை இணைத்தால் மின்னேற்றம் ஐந்தில் ஒரு செக்கனளவில் ஒழுகிவிடும். ஆடலோட்ட அளவீடே வழி. வருவது சில மில்லிவோல்ற்றோ அதற்கும் குறைவோ. நாம் காந்த மத்திய கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் இங்கு பூமியின் புலம் கிட்டத்தட்டக் கிடையாக, வடக்கு நோக்கி, ஏறத்தாழ 0.4 எர்ஸ்டெட். மெற்கிளாஸுக்கு அதுவே ஒரு சிறு சார்புப் புலமாகிவிடும்; ஆகவே கீலத்தைக் கிழக்கு மேற்காக வைத்துத் தொடங்குங்கள்.

ஆனால் மில்லிவோல்ற்றுத் தெரிந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. ஆடற்புலத்தில் உள்ள எந்தக் கம்பித் தடமும் தூண்டலால் ஓர் அழுத்தத்தைக் காட்டும். ஒரு சதுர சென்ரிமீற்றர் தடம், ஒரு எர்ஸ்டெட், 50 ஹேர்ட்ஸ் எனில் அது 3 மைக்குரோ வோல்ற்றுத்தான். ஆனால் மீடிறனோடு நேர்விகிதத்தில் வளரும். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். சார்புக் காந்தத்தைத் திருப்பி வைத்தால் உண்மையான காந்தமின் சமிக்ஞையின் அவத்தை 180 பாகை புரளும், தூண்டல் புரளாது. இதைப் பார்க்க இருவழி அலைவுகாட்டி வேண்டும். அது பாடசாலையில் இல்லையெனில் அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப் பாருங்கள். இன்னுமொரு கள்ளச் சமிக்ஞை உண்டு. ஆடற்புலம் பித்தளையில் தூண்டும் சுழல் மின்னோட்டமான சுழிப்போட்டத்தைச் சார்புப் புலம் உதைக்க, வட்டு அதிர்ந்து பீசோ அழுத்தம் தரும்; காந்தத்தைத் திருப்பினால் இதுவும் புரளும். இதைப் பிரித்தறியும் ஒரே நேர்மையான வழி, நிக்கல் ஒட்டிய வட்டோடு அதே அளவு செப்புத் தகடு ஒட்டிய இன்னொரு வட்டையும் செய்து, இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே புலத்தில் அளப்பது. செப்பு வட்டு தரும் எண்ணைக் குறிப்பேட்டில் முதலில் எழுதச் சொல்லுங்கள். நிக்கல் வட்டின் எண் அதைத் தாண்டி எழுந்து, சார்புப் புலத்தோடு ஏறி மீண்டும் இறங்கிய பின்னர்தான் அந்த மாணவர்கள் காந்தமின் பிணைப்பைக் கண்டதாகச் சொல்லலாம்.